முழங்கைக்கும் ஒரு பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழும்பில் கலா பொல என்ற ஓவியச் சந்தை முடிந்த மறுநாள் உங்கள் பத்திரிகையில் வந்த படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மூன்று பத்தி அகலத்தில் வண்ணப் படம். நன்றாகவே எடுத்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிரமுகர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் ஓவியத்தைக் குனிந்து பார்க்கிறார். அருகில் அவருடைய துணைவியார், அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். நால்வரின் பெயரும் பதவியும் படத்தின் கீழே ஒழுங்காக அச்சாகியிருக்கின்றன. இடப்பக்க ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. பச்சைப் பிளவுஸ், கையில் நீல நிறக் கறை படிந்த ஒரு பழந்துணி. அந்த முழங்கைக்காரிதான் அந்த ஓவியத்தை வரைந்தவர்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் படப்பிடிப்பாளர் அந்தப் படத்தை எடுத்தபோது நான் அவருக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நாலைந்து முறை கிளிக் பண்ணினார், கமராவின் பின்புறத் திரையைப் பார்த்தார், திருப்திப்பட்டார், பிரமுகரோடு அடுத்த தட்டிக்கு நடந்துவிட்டார். முழங்கைக்காரர் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அதை அவர் கவனித்திருக்க நியாயமில்லை. அவர் வேலை அவருக்கு, எனக்குத் தெரியும். நானும் அந்த வேலைக்காரன்தான்.

கொட்டாஞ்சேனையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். அடையாள அட்டைப் படம், பாஸ்போட் படம், முதல் நன்மை, சாமத்திய வீடு, கலியாணம், செத்த வீடு. இப்போது அந்தக் கடையில் போன் கவர் விற்கிறார்கள், ரீலோட் போடுகிறார்கள். டார்க்ரூம் இருந்த மூலையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. சரி, அது வேறு கதை.

உங்கள் வாசகர்களில் கலா பொலவுக்குப் போகாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். போன முறை என் பேத்தியைக் கூட்டிப்போவதாகச் சொன்னபோது, “கலா போல எண்டா, எந்தக் கலா மாதிரி தாத்தா?” என்று கேட்டாள். பொல என்பது சிங்களத்தில் வாரச் சந்தை. மரக்கறிச் சந்தை மாதிரி இது கலைச் சந்தை, அவ்வளவுதான். 1993இல் தொடங்கியது. ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரில் உள்ள அறக்கட்டளை தொடக்கி வைத்தது. கீற் காலமானதும் அதே வருஷந்தான். ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விகாரமகாதேவிப் பூங்காவின் ஓரமாக, நாங்கள் இன்னும் கிறீன் பாத் என்றே சொல்லும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடக்கும். அன்றைக்கு நடைபாதையே கலைக்கூடம். முந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் வருகிறார்கள். அழைப்பிதழ் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. செருப்போடு போகலாம், ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போகலாம், ஒன்றுமே வாங்காமல் ஐந்து மணி நேரம் சுற்றலாம்.

அங்கே எல்லாம் இருக்கும். ஒரே அளவில் ஐம்பது யானை வரைந்து வரிசையாகத் தொங்கவிட்டவரும் இருப்பார், ஏழு வருஷமாக ஒரே பெண்ணின் முகத்தை மட்டும் கொண்டுவருகிறவரும் இருப்பார். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், காலி வெளிச்சவீடு, கம்பில் குந்தியிருந்து மீன்பிடிப்பவர்கள் எல்லாம் வருஷா வருஷம் வரும் விருந்தாளிகள். பழைய சைக்கிள் செயினால் செய்த மயிலை ஒருமுறை பார்த்தேன். விலை கேட்டவரிடம் செய்தவர், “மயிலுக்கா, செயினுக்கா?” என்று திருப்பிக் கேட்டார். பத்து நிமிடத்தில் முகம் வரைந்து கொடுப்பவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம். வரைபவரைவிட, பின்னால் நின்று மூக்கு சரியில்லை, காது பெரிது என்று தீர்ப்புச் சொல்பவர்கள்தான் அதிகம். பொழுது சாய்ந்தால் பைலாப் பாட்டு கேட்கும். காலையில் தட்டியைக் கட்டிவிட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தவர்கள் அப்போதுதான் ஒருவர் படத்தை ஒருவர் போய்ப் பார்ப்பார்கள்.

படம் எடுப்பவனுக்கு அந்தப் பாதையின் வெளிச்சம் ஒரு தொல்லை. மேலே மரங்கள் கூரை போலக் கவிந்திருக்கின்றன. பத்து மணிக்குப் பிறகு இலைகளுக்குள்ளால் விழும் வெயில் சல்லிக்காசு சல்லிக்காசாக ஓவியங்கள் மேல் கிடக்கும். வெள்ளைக் கன்வஸ் பச்சையாகத் தெரியும், ஆட்களின் முகம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும். கண்ணாடி போட்ட படம் என்றால் அதற்குள் எதிர்ப்பக்கத்து ஐஸ்கிரீம் வண்டியும் சேர்ந்து விழும். கறுப்பு வெள்ளை பிலிம் காலத்தில் இந்த நிறத் தொல்லை இல்லை. அதனால்தானோ என்னவோ, என் நல்ல படங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. ஆனால் அந்த நல்ல படங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் படப்பிடிப்பாளரைக் குறை சொன்னால் அது யோக்கியமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. காலை ஒன்பது மணி இருக்கும். பூங்கா வேலியோரம் ஓர் ஆள், தகரக் கதிரையில் உட்கார்ந்தபடியே தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நல்ல நித்திரை. அவருடைய தலைக்கு நேர் மேலே அவர் தன்னையே வரைந்த படம் தொங்குகிறது. அந்தப் படத்தில் அதே தொப்பி, ஆனால் கண்கள் இரண்டும் அகலத் திறந்திருக்கின்றன. கன்வஸ் இல்லை, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் வரைந்தது. பலகையின் மூலையில் தோட்டத்து முத்திரை எழுத்துகள் அரைகுறையாகத் தெரிந்தன. கீழே நித்திரை, மேலே விழிப்பு. இப்படி ஒரு காட்சி ஒருவனுக்கு வாழ்நாளில் எத்தனை முறை அமையும்? முழங்காலில் உட்கார்ந்து மூன்று படம் எடுத்தேன். அவர் அசையவில்லை. எழுப்ப மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் அதே வழியால் திரும்பி வந்தபோது அவர் விழித்திருந்தார், யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். அப்போதும் நான் நிற்கவில்லை. படம்தான் கிடைத்துவிட்டதே.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, “களைத்த கலைஞன்” என்று தலைப்பிட்டு ஒரு போட்டிக்கு அனுப்பினேன். சான்றிதழும் ஒரு மேசை மணிக்கூடும் கிடைத்தன. ஸ்டூடியோக் கண்ணாடியில், கலியாணப் படங்களுக்கு நடுவில், தலைப்பையும் எழுதி மாட்டினேன். ஒன்பது வருஷம் அங்கேயே தொங்கியது.

ஒரு நாள் பாஸ்போட் படம் எடுக்க ஒரு பிள்ளை வந்தாள். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை, ஊர் ஹட்டன் பக்கம். படம் எடுத்து முடிந்தும் போகாமல் வெளியே நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

“அது யாருங்க?”

“ஒரு ஓவியர், பிள்ளை. கலா பொலவில எடுத்தது.”

“பேரு?”

“தெரியாது.”

“எங்க அப்பாங்க.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள்தான் தொடர்ந்தாள். தலைப்பை விரலால் காட்டி, “அவரு களைச்சுப் போகல்லைங்க. இராத்திரி மெயில்ல நின்னுகிட்டே வந்தவரு. படத்த கீழ வச்சா மிதிச்சிருவாங்கன்னு தோள்ளயே வச்சிருந்தாராம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிழையான விலாசத்தைத் திருத்துகிற மாதிரிச் சொன்னாள்.

பதுளையிலிருந்து வரும் இரவு மெயிலை உங்களுக்குத் தெரியும். ஹட்டனில் ஏறினால் விடியற்காலையில் கோட்டையில் இறங்கலாம். அந்த ரயிலில், போர்வையில் சுற்றிய ஆறு பலகைகளைத் தோளில் சாத்திக்கொண்டு இரவு முழுக்க நின்ற ஒருவர், கோட்டையில் இறங்கி பஸ் பிடித்து வந்து, வேலியில் கம்பி கட்டி, படங்களைத் தூக்கி மாட்டி, அதற்குப் பிறகு உட்கார்ந்து கண்ணை மூடியிருக்கிறார். எனக்கு அவர் “களைத்த கலைஞன்”. கேட்டிருந்தால் கதை வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

கண்ணாடியிலிருந்து படத்தைக் கழற்றி அவளிடமே கொடுத்தேன். பின்புறத்தில் அவருடைய பெயரை என்னையே பென்சிலால் எழுதச் சொன்னாள், எழுதினேன். மூன்று மாதம் கழித்து, அதே கடையில் வேலை செய்யும் ஒரு பையன் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தேயிலைப் பெட்டிப் பலகை, ஒரு சாண் அகலம். அதில் ஓர் ஆள் முழங்காலில் உட்கார்ந்திருக்கிறான். கட்டம் போட்ட சட்டை, தொந்தி, எல்லாம் நான்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கமரா மட்டும். கீழே, எழுத்து கொஞ்சம் கோணலாக, இப்படி எழுதியிருந்தது: “பேர் தெரியாத போட்டோக்காரர்.” மனிதர் தொப்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

அந்தப் பலகை இப்போது எங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது. மேசை மணிக்கூடு எப்போதோ நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். கலா பொலவுக்குப் போகும்போது கமராப் பைக்குள் அதுவும் வரும். படம் எடுத்தால் கொப்பியை நீட்டுவேன். அவரவர் பெயரை அவரவர் கையால் எழுத வேண்டும், நான் எழுத மாட்டேன். சிங்களத்தில் எழுதுகிறவர்கள் சிங்களத்தில், தமிழில் எழுதுகிறவர்கள் தமிழில். பக்கத்தில் ஒரு போன் இலக்கம். அடுத்த முறை போகும்போது போஸ்ட்காட் அளவில் பிரிண்ட் போட்டு ஒரு கடித உறைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். செலவு பெரிதில்லை. ஆனால் அந்த உறையைக் கண்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய ஓவியங்களை ஆயிரம் பேர் படம் எடுத்திருப்பார்கள், அந்த ஓவியத்தின் பக்கத்தில் அவர்கள் நிற்கும் படம் பலரிடம் இல்லை. அடுத்த முறை வராமல் போனவர்களின் உறைகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. போன் பண்ணினால் சிலருடைய இலக்கம் பாவனையில் இல்லை.

அவர்கள் கையாலேயே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அறிக்கை வருகிறது, இது உங்களுக்கே தெரியும். பாலன் என்ற பெயரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தமிழுக்கு இறக்கினால் பலன் ஆகும், பழன் ஆகும், அவசரத்தில் பல்லன் கூட ஆகும். சிங்களப் பெயர்களின் கதி இன்னும் மோசம். கொப்பியில் அவருடைய கையெழுத்து இருந்தால் வாசித்துப் பார்க்கலாம், தெரியாவிட்டால் அங்கேயே கேட்கலாம். ஒருமுறை ஒரு சிங்கள ஓவியர் தன் பெயரை எழுதிவிட்டு, தமிழில் அது எப்படி இருக்கும் என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். அந்த வருஷம் விற்காமல் இருந்த படத்தின் மூலையில், தன் கையெழுத்துக்குக் கீழே, தூரிகையால் அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஒரு கொம்பு மட்டும் திரும்பிவிட்டது. நான் திருத்தவில்லை.

பெயர் கேட்க முடியாத யுத்த காலமும் ஒன்று இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதற்கு அடுத்து வந்த வருஷங்களில் தமிழ்ப் பெயரும் கொட்டாஞ்சேனை விலாசமும் உள்ள அடையாள அட்டையோடும் ஒரு கமராவோடும் கொழும்பு வீதியில் நடப்பது சின்ன விஷயமில்லை. அப்படி ஒரு வருஷம் கலா பொலவுக்குப் போகும் வழியில் ஓர் இளம் சிப்பாய் மறித்தார். பையைத் திறந்து பார்த்தார், பிறகு கமராவின் பின்மூடியையும் திறந்துவிட்டார். உள்ளே இருபத்திரண்டு படம் எடுத்த பிலிம். ஐயோ என்று கத்த வாய் வந்தது, கத்தவில்லை. கழுவிப் பார்த்தபோது மேல் சுற்றில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. உள்சுற்றில் இருந்த முதல் எட்டுப் படங்கள் மட்டும் ஓரம் வெந்து தப்பியிருந்தன. ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. அன்று பின்னேரம் அதே சிப்பாய் முகம் வரைகிறவர் முன்னால் இரும்புத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டார், கொஞ்சம் வெட்கப்பட்டார், தலையாட்டினார். புது ரோலில் அவரை எடுத்தேன். அவருடைய பெயர் என்னிடம் இல்லை. அன்றைக்கு நான் ஒரு சிப்பாயிடம் பெயர் கேட்டு எழுதியிருந்தால், நான் இன்னொரு இடத்தில் என் பெயரைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

இந்த வியாதி உங்கள் பத்திரிகையிலோ என் ஸ்டூடியோவிலோ தொடங்கியதல்ல. இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் படம் எடுத்துப் பேர் பெற்ற ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் இருந்தார், 1879இல் இங்கேயே காலமானார். அவரைப் பார்க்க வந்த ஆங்கிலேயப் பெண் ஓவியர் மேரியன் நோர்த்தை இங்கே வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்றும் நோர்த்தின் பெயரோடுதான் இருக்கிறது. கமரன் எடுத்த இன்னொரு படத்துக்குப் பெயர் “களுத்துறைக் குடியானவர்கள்”. அதன் குறிப்பில் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது என்றும், கிழவர், தான் அவளுடைய தகப்பன் என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் இருக்கிறது. வயதைக் கேட்டு எழுதியவருக்குப் பெயரை எழுதத் தோன்றவில்லை. நம் லயனல் வென்ட் படம் எடுப்பதில் மகா கலைஞர், 1943இல் கீற் முதலானவர்கள் சேர்ந்த 43 குழு என்ற ஓவியர் அணிக்கு முன்நின்றவர், அவருடைய பெயரில் உள்ள அரங்கு கிறீன் பாத்திலிருந்து நடந்துபோகும் தூரந்தான். அவருடைய படங்களில் உள்ள மீனவர்களும் இளைஞர்களும் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை.

இதை என் சிநேகிதர் ஒருவரிடம் சொன்னபோது அவர் என்னை மடக்கப் பார்த்தார். “எந்த வீதியில் நின்று பெயர், பெயர் என்கிறீர்? ஆனந்த குமாரசுவாமியே பெயர் போடாத பழைய கைவினைஞர்களைப் போற்றியவர்தானே” என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர், கேள்வி நன்றாகத்தான் கேட்பார். குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர், நம் முத்து குமாரசுவாமியின் மகன். கண்டிக் காலத்துக் கைவினையைப் பற்றி 1908இல் பெரிய நூல் எழுதியவர். அதற்கு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர் அவருடைய மனைவி எதல். பழைய சிற்பாசாரி தன் பெயரைக் கல்லில் வெட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவன் யார், யாருடைய மகன், எந்தத் தெரு என்று அந்த ஊருக்கே தெரியும். கலா பொலவில் நிற்பவரை அப்படி யாருக்குத் தெரியும்? அவர் கன்வஸின் மூலையில் தன் பெயரை எழுதித்தான் வைத்திருக்கிறார். படம் எடுக்கும்போது அந்த மூலையை வெட்டுவது நாங்கள்தான். சிநேகிதர் அதற்குப் பதில் சொல்லாமல் இன்னொரு பிளேன்டீ சொன்னார். நான் வென்றதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முழங்கைக்காரருக்கு வருகிறேன். மட்டக்களப்பு, சித்திர ஆசிரியை. கணவரும் அவரும் இரவு பஸ்ஸில் வந்து விடியப்புறம் நாலு மணிக்குப் புறக்கோட்டையில் இறங்கியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் பிரமுகர் குனிந்து பார்க்கும் ஓவியம் கல்லடிப் பாலம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம்தான், 2013இல் பக்கத்தில் வந்த புதுப் பாலம் அதில் இல்லை. இரவு, பூரண நிலவு, வாவி. கீழே ஒரு தோணி. தோணியில் ஒரு கிழவி துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் மேல்முனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்கிறாள். மட்டக்களப்பார் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், அப்படித்தான் கேட்பது. துடுப்பைப் பிடித்த விரல்களை மட்டும் அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருந்தார், மற்றதெல்லாம் நீல மங்கல். “விரல் ஆருடையது?” என்று கேட்டேன். “அம்மம்மாட” என்றார். உங்கள் செய்தியில் அது “கடற்காட்சி” என்று வந்திருக்கிறது. வாவி, ஐயா. கடல் அல்ல.

அவருடைய தட்டிக்கு எதிரே மதில் கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன், எனக்கு வேறு வேலை இல்லை. அந்த ஓவியத்தை நாற்பத்தொரு பேர் போனில் எடுத்தார்கள். அவர்களில் பதினேழு பேர் ஓவியத்துக்கு முதுகைக் காட்டித் தங்களையும் சேர்த்து எடுத்தார்கள். விலை கேட்டவர் இரண்டு பேர். எடுக்கலாமா என்று கேட்டது ஒரேயொரு சின்னப் பிள்ளை, அதையும் தாய் “கேக்கத் தேவையில்ல, எடு” என்றாள். ஒருவர் கன்வஸை நேர்குத்தாக, நாலு மூலையும் சரியாக வரும்படி, மிகக் கவனமாக எடுத்தார். அப்படி எடுப்பவர்களைக் கண்டால் ஓவியர்களுக்கு வயிறு கலங்கும். அடுத்த மாதம் அது எங்காவது ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில் பிளாஸ்டிக் பிரிண்டாகத் தொங்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமையைக் காக்கிறது, படைப்போடு தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் கொடுக்கிறது. இருந்தென்ன, ஒரு கன்வஸ் விற்றால் பஸ் காசு மிஞ்சும் என்று வந்தவர் எந்தக் கோட்டுக்குப் போவார்? செய்திப் படம் வேறு, திருட்டுப் பிரிண்ட் வேறு, எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். நான் உங்களிடம் சட்டம் பேசவில்லை. ஒரு வரி இடம் கேட்கிறேன்.

பிரமுகர் படம் போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வந்தால்தான் பத்திரிகை வரும், பத்திரிகை வந்தால்தான் அடுத்த முறை கூட்டம் வரும். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் வரைந்தவரின் பெயரும் ஊரும் வரட்டும். உங்கள் படப்பிடிப்பாளர் அடுத்த முறை ஒரு அடி பின்னால் வைத்து எடுத்தால் முழங்கையோடு ஆளும் வருவார். அதற்கு நேரமில்லை என்பார், பத்து இடத்துக்கு ஓட வேண்டும் என்பார். உண்மை. பெயர் கேட்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன், ஓவியரே கொப்பியில் எழுதித் தருவதோடு சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கதைத்துக்கொண்டு நின்றால் அரை மணி ஆகும், அது அவரவர் சுபாவம்.

இந்தக் கடிதத்தில் கலா பொலவில் கண்ட ஒருவருடைய பெயரையும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹட்டன்காரரின் பெயர் அந்தப் பிரிண்டின் பின்புறத்தில் இருக்கிறது, பத்திரிகையில் போட அவரிடம் நான் கேட்கவில்லை. முழங்கைக்காரரிடம் நேற்றுக் கேட்டேன். போனில் சிரித்தார். “போடுறதெண்டா அவங்களே கேக்கட்டும் ஐயா” என்றார். ஓவியம் விற்றதா என்றும் கேட்டேன். விற்கவில்லையாம். திரும்பிப் போகும் பஸ்ஸில் அதற்கும் ஒரு சீற்று எடுத்தார்களாம்.

அவருடைய போன் இலக்கத்தை அச்சுக்கு அல்லாமல் உங்கள் படப்பிடிப்பாளருக்காகத் தனித் துண்டில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடம், எடுக்க மாட்டார். இரண்டு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.